மியூட் போட்டால் செத்துப்போகும் சண்டை

2002 மார்ச் 17, டொரண்டோ ஸ்கைடோம். அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூடபிள்யூஈ ஆண்டுதோறும் நடத்தும் ரெஸ்ல்மேனியா வரிசையில் 18ஆவது. அதில் ஹல்க் ஹோகனும் ராக்கும் (டுவைன் ஜான்சன்) மோதிய ஆட்டத்தை ஒருமுறை மியூட் போட்டுப் பாருங்கள். 48 வயது மனிதர் ஒருவர் அசைந்து அசைந்து நடக்கிறார். குத்துகிறார், கழுத்தைப் பிடிக்கிறார், காதருகே கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். எதிரே நிற்பவருக்கு 29 வயது. அவரும் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை. பதினாறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் இந்த ஆட்டத்தில், இன்றைய ஜப்பான் வீரர் ஒருவர் இரண்டே நிமிடத்தில் போட்டுக் காட்டும் அளவுக்குக்கூட வித்தைகள் கிடையாது.

இப்போது ஒலியைத் திறந்துவிட்டு அதையே மறுபடி பாருங்கள். மணி அடிப்பதற்கு முன்பே இரண்டு பேரும் மூக்கோடு மூக்கு உரச நின்றுகொண்டு தலையை மட்டும் ஒரு பக்கம் திருப்புகிறார்கள். இரைச்சல். மறுபக்கம் திருப்புகிறார்கள். அதைவிடப் பெரிய இரைச்சல். கதைப்படி ஹோகன் வில்லன். ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ராக் கிடந்த ஆம்புலன்ஸை லாரி விட்டு இடித்திருந்தார். ஆனால் டொரண்டோ கூட்டம் தங்கள் சின்ன வயசு நாயகன் ஊருக்கு வந்துவிட்டான் என்று கத்துகிறது. முதல் பிடியில் ஹோகன் ராக்கைத் தள்ளிவிட்டுப் புஜத்தைக் காட்டியதும், அறிவிக்கப்பட்ட கணக்கின்படி 68,237 பேர், கூரையைப் பெயர்த்துவிடுகிறார்கள். இரண்டு பேரும் அந்த இடத்திலேயே ஆட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். ராக் கொஞ்சம் முரட்டுத்தனம் காட்டத் தொடங்க, ஹோகன் அடி வாங்கும் நாயகனாகிவிட்டார். முடிவு மட்டும் மாறவில்லை: ராக்கின் முத்திரை வித்தைகளான ராக் பாட்டம் இரண்டு, பீப்பிள்ஸ் எல்போ ஒன்று, ராக்குக்கு வெற்றி.

ரெஸ்லிங் பாதிக்கு மேல் காதால் பார்க்கும் சமாச்சாரம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. “எல்லாம் பொய்தானே” என்று கேட்பவர்கள் குத்து படுகிறதா, படவில்லையா என்று கண்ணைக் கொட்டாமல் பார்ப்பார்கள். ஆட்டத்தைக் கட்டியவர்களின் உழைப்பு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கிறது.

ரிங்கிலிருந்து தொடங்கலாம். டபிள்யூடபிள்யூஈ ரிங் ஒரு பக்கம் 20 அடி. போட்டி நிறுவனமாக இருந்த டபிள்யூசிடபிள்யூ 18 அடி ரிங் வைத்திருந்தது. நான்கு மூலையில் இரும்புத் தூண், நடுவே இரும்பு விட்டங்கள், அவற்றின் மேல் மரப்பலகைகள், பலகை மேல் மெல்லிய ஃபோம், எல்லாவற்றையும் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அடியில் முழுக்க வெற்றிடம். அதாவது இது ஒரு பெரிய தவில். மேலே விழும் உடம்பின் அதிர்வைப் பலகை வாங்குகிறது, கீழுள்ள காற்று அதைப் பெருக்குகிறது, அங்கே மாட்டியிருக்கும் மைக் அதை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறது. ஃபோமைத் தடிமனாகப் போட்டால் வீரருக்கு நல்லதுதானே என்று தோன்றும். போட்டால் இரண்டு கேடு. சத்தம் செத்துவிடும், ஓடும் கால் புதைந்து கணுக்கால் பிசகும். அதனால்தான் மெல்லியதாகவே வைக்கிறார்கள். பலகை வளைந்துகொடுப்பதுதான் அங்கே உண்மையான மெத்தை.

கயிற்றிலும் வித்தியாசம் உண்டு. டபிள்யூடபிள்யூஈ நிஜக் கயிற்றில் டேப் சுற்றுகிறது. டபிள்யூசிடபிள்யூவில் இரும்புக் கேபிளின் மேல் ரப்பர் குழாயைப் போர்த்தியிருப்பார்கள். கேபிள் இழுவையை ஒரு சுற்று கூட்டி முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை 1994இல் ஜெர்மனியின் மியூனிக்கில் மிக் ஃபோலி காட்டிவிட்டார். மேல் இரண்டு கயிற்றுக்கும் நடுவே தலை மாட்டிக்கொள்வது அவர் வழக்கமாகச் செய்யும் வித்தை. அன்று கயிறு நெகிழவில்லை. தலையை உருவி எடுத்தபோது வலது காதின் பெரும்பகுதி போய்விட்டது. அதன் பிறகும் வேடருடன் ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

விழுவதை அவர்கள் பாஷையில் பம்ப் என்பார்கள். பயிற்சிப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் முன்னால் கற்றுத்தருவது மல்லாக்க விழும் பம்ப். தாடையை நெஞ்சோடு ஒட்டவைக்க வேண்டும். குந்தி, பின்னால் சாய்ந்து, மேல்முதுகு அகலமாகத் தரையில் படும்படி விழ வேண்டும். அதே கணத்தில் இரண்டு கையும் உடம்பிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, உள்ளங்கை கீழே பார்க்க, ரிங்கின் தரையை ஓங்கி அறைய வேண்டும். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்து வைத்திருந்தால் அடைத்துக்கொள்ளும். தாடை ஒட்டவில்லை என்றால் பின்மண்டை சாட்டையாக அடித்து மூளை குலுங்கும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும், முழங்கையை ஊன்றினால் தோள். அந்த உள்ளங்கை அறை விசையைப் பரப்புவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது. நாம் கேட்கும் ‘டமார்’ சத்தத்தில் பெரும்பங்கு அதனுடையதுதான். பாதுகாப்பும் ஒலியும் ஒரே அசைவில் கட்டப்பட்டிருப்பது இந்தத் தொழிலின் அழகான கண்டுபிடிப்பு என்பேன்.

குத்தும் அப்படியே. முஷ்டியைத் தளர்வாக மடித்து, நெற்றியோரம் தொட்டும் தொடாமலும் போகும்போது, முன்னங்கால் பலகையை மிதிக்கிறது. நமக்குக் கேட்பது கால். உயரத் தூக்கி முகத்தில் விடும் சூப்பர்கிக்கில் கேட்பது, உதைப்பவரின் கை அவர் தொடையிலேயே அறையும் ஓசை. இந்த அறை கால்நொடி பிந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட மோசம், கை தொடைக்குப் போவது கேமராவில் தெரிவது. அரங்கத்தின் ஒரே பக்கத்தில் நிலையாக நிற்கும் முதன்மைக் கேமரா ஒன்று உண்டு. தேர்ந்தவர்கள் அறையும் கையை அதற்கு மறைத்துத் திருப்பிக்கொள்வார்கள். எதிர்ப்பக்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்தால் தெரியட்டும். கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் ஒவ்வொரு உதைக்கும் தொடையில் அறைவது தொற்றுநோய்போலப் பரவி, அந்த ஓசைக்கு இருந்த மதிப்பையே கெடுத்துவிட்டது. ஷான் மைக்கேல்ஸ் ஆட்டத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வைத்தார், அதுவும் முடிக்கிற நேரத்தில்.

தந்திரமே இல்லாத ஓசையும் ஒன்று இருக்கிறது: நெஞ்சில் விரித்த கையால் விடும் சாப். 2022 செப்டம்பர் 3 அன்று கார்டிஃபில் குந்தரும் ஷேமஸும் மோதியதைப் பாருங்கள். ஷேமஸின் வெளுத்த நெஞ்சு ஆட்டம் பாதி போவதற்குள் ரத்தம் கட்டிச் சிவந்துவிடும். அரங்கத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். வலியைக் குறைக்க வழியில்லை. உள்ளங்கை தட்டையாக, காலர் எலும்புக்குக் கீழே, தொண்டைக்கு எட்டாமல் விழுகிறதா என்று பார்த்துக்கொள்வது மட்டுமே அடிப்பவரின் பொறுப்பு.

நாற்காலி இதன் இருண்ட பக்கம். மடக்கு நாற்காலியின் தட்டையான இருக்கைப் பகுதி முதுகில் படும்போது விசை பரவிவிடும், சத்தமோ பிரமாதமாக வரும். விளிம்பு பட்டால்தான் ஆபத்து. ஆனால் தொண்ணூறுகளின் கடைசியில் முதுகுச் சத்தம் போதவில்லை, மண்டைச் சத்தம் கேட்டது கூட்டம். 1999 ஜனவரி, அனஹெய்ம், ராயல் ரம்பிள். தோல்வியை வாயால் ஒப்புக்கொண்டால்தான் முடியும் ‘ஐ க்விட்’ ஆட்டத்தில் கைகள் பின்னால் விலங்கிடப்பட்ட ஃபோலியின் தலையில் ராக் 11 முறை நாற்காலியால் அடித்தார். பேசி வைத்துக்கொண்டது அதற்குப் பாதியளவுதான். கையை உயர்த்தி அடியின் வேகத்தைத் தடுக்க வழியில்லாதவரின் தலையில், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. ஆட்டத்தின் முடிவும் ஓர் ஒலித் தந்திரம். ஃபோலி வாயால் தோல்வியை ஒப்புக்கொள்ளவேயில்லை. முன்பு ஒரு பேட்டியில் அவர் சொன்ன வார்த்தைகளின் பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு முடித்தார்கள்.

அதே இரவை, அதே ஆண்டு வந்த ‘பியாண்ட் த மேட்’ ஆவணப்படத்தில் பாருங்கள். இயக்குநர் பேரி பிளாஸ்டீன் கேமராவை ரிங்கிலிருந்து முன்வரிசைக்குத் திருப்பிவிடுகிறார். ஃபோலியின் மனைவியும் சின்னக் குழந்தைகளும் அங்கே இருக்கிறார்கள். டிவியில் வர்ணனையோடு கலந்து உற்சாகமாகக் கேட்ட அதே இரும்புச் சத்தம், இங்கே குழந்தைகளின் அலறலுக்கு நடுவே விழுகிறது. ரெஸ்லிங் பற்றி எடுத்த படங்களில் நேர்மையானது எதுவென்று கேட்டால் என் கை முதலில் இதைத்தான் காட்டும். தலையில் நாற்காலி அடிப்பதை டபிள்யூடபிள்யூஈ 2010இல்தான் தடைசெய்தது.

அடிகளுக்கு வெளியே, ஒரு ஆட்டத்துக்கென்று தாளம் இருக்கிறது. தொடக்கத்தில் நல்லவன் கை ஓங்கும். பிறகு கெட்டவன் அவனைக் கீழே போட்டு நீண்ட நேரம் மிதிப்பான். இந்தப் பகுதிக்கு ஹீட் என்று பெயர். புதிதாகப் பார்ப்பவர்கள் சலித்துக்கொள்வது இங்கேதான், கழுத்துப் பிடியில் இரண்டு பேரும் அசையாமல் கிடக்கிறார்களே என்று. அந்த அமைதி திட்டமிட்டது. இரைச்சல் எழ வேண்டுமென்றால் முதலில் அது இறங்கியாக வேண்டும். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று இருவரும் அப்போது காதோடு காதாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவர் தன் காதிலுள்ள கருவி வழியே வந்த நேரக் கணக்கை இருவருக்கும் கடத்திக்கொண்டிருப்பார். பிறகு கிடப்பவரின் கால் தரையை மிதிக்கத் தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டம் அதே தாளத்தில் கைதட்டும். தாங்களாகவே தட்டத் தொடங்கியதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நடுவரின் எண்ணிக்கைதான் எனக்கு மிகப் பிடித்த வாத்தியம். ரிங்கின் தரையில் மூன்று அறை. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே இடைவெளி. இரண்டரையில் தோள் எழும் ஆட்டமாக இருந்தாலும் மூன்றாவது அறைக்குக் கை முழு வேகத்தில் இறங்கியே ஆக வேண்டும். எழப்போகிறார் என்று தெரிந்த நடுவர் கொஞ்சம் தயங்கினால் போதும், கூட்டம் மோப்பம் பிடித்துவிடும். எழ வேண்டியவர் நிஜமாகவே மயங்கிக் கிடந்தால்? அப்போது நடுவர் எண்ணி முடித்துவிட வேண்டும் என்பது மரபு. சில நேரம் முடிவே மாறிப்போவது அதனால்தான்.

இதெல்லாம் கூட்டத்தின் ஓசை இல்லாமல் நிற்குமா என்பதை 2020 பரிசோதித்துப் பார்த்துவிட்டது. கொரோனா காலத்தில் ரெஸ்ல்மேனியா 36 ஆர்லாண்டோவிலுள்ள பயிற்சி மையத்தில் ஆளில்லாமல் படமாகி, ஏப்ரல் 4, 5 தேதிகளில் ஒளிபரப்பானது. எட்ஜும் ராண்டி ஆர்ட்டனும் 36 நிமிடம் கட்டடம் முழுக்கச் சண்டை போட்டார்கள். இருவருமே கைதேர்ந்தவர்கள், கதையும் பலமானது. ஆனாலும் அது நகரவே இல்லை. மூச்சிரைப்பும் காலணி உரசலும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், எவ்வளவு பெரிய வித்தையும் உடற்பயிற்சிக்கூடத்து ஒத்திகையாகிவிடுகிறது.

அதே நிகழ்ச்சியில் ஒன்று மட்டும் பிழைத்தது. அண்டர்டேக்கரும் ஏஜே ஸ்டைல்ஸும் மோதிய போன்யார்ட் ஆட்டம். அதை இடுகாட்டு செட்டில் சினிமாவாகவே எடுத்தார்கள். இரவு வெளிச்சம், வெட்டி ஒட்டிய காட்சிகள், பின்னணி இசை. அண்டர்டேக்கர் மோட்டார் பைக்கில் வந்து இறங்கும்போது மெட்டாலிகாவின் ‘நவ் தட் வீ’ர் டெட்’ ஒலிக்கிறது. கூட்டம் செய்ய வேண்டிய வேலையைப் பின்னணி இசையிடம் கொடுத்தார்கள், ஆட்டம் எழுந்து நின்றது. அந்த ஆகஸ்டில் தண்டர்டோம் என்று பெயர் வைத்து, ரிங்கைச் சுற்றி எல்இடி திரைகளில் ரசிகர் முகங்களை நிரப்பி, கூட்டத்தின் சத்தத்தைப் பதிவிலிருந்து ஊற்றினார்கள். அதற்கு முன்பும் செவ்வாய்க்கிழமை படம்பிடித்துப் பின்னர் ஒளிபரப்பிய ஸ்மாக்டவுன் நிகழ்ச்சிகளில் கூச்சலைக் குறைத்து ஆரவாரத்தைக் கூட்டும் பழக்கம் அவர்களுக்கு உண்டு என்பதால், கை பழகிய வேலைதான்.

ராக் இசை இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. 1983இல் சிண்டி லாப்பரின் பாடல் வீடியோவில் ரெஸ்லிங் மேலாளர் கேப்டன் லூ அல்பானோ அப்பாவாக நடித்தார். அந்த உறவில் எம்டிவியும் சேர்ந்துகொண்டது, 1985 மார்ச் 31 அன்று முதல் ரெஸ்ல்மேனியா வந்தது. ஆனால் நுழைவுப் பாட்டு ஒரு தொழில்நுட்பமாக ஆனது ஜிம் ஜான்ஸ்டன் கையில்தான். 1985 முதல் 2017 வரை டபிள்யூடபிள்யூஈக்கு இசையமைத்தவர். அவருடைய விதி எளிது: முதல் இரண்டு நொடியில் ஆள் யாரென்று தெரிய வேண்டும். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினுக்குக் கண்ணாடி உடையும் ஓசை. அண்டர்டேக்கருக்குச் சாவுமணி. உயரம், எடை, ரேங்க் என்று டபிள்யூடபிள்யூஎஃப் (டபிள்யூடபிள்யூஈயின் பழைய பெயர்) கார்டு வைத்து விளையாடிய நம் ஊர்த் தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு, பெயர் எழுதத் தெரிவதற்கு முன்பே அந்த மணி தெரியும்.

ஆஸ்டின் பாட்டுக்கு ரேஜ் அகென்ஸ்ட் த மெஷினின் ‘புல்ஸ் ஆன் பரேட்’ தூண்டுதலாக இருந்தது. ஏன் அப்படிப்பட்ட இசை? பெரிய அரங்கில் ஒவ்வோர் ஓசையும் சுவரில் பட்டு மீண்டும் வருகிறது. வேகமான த்ராஷ் மெட்டலைப் போட்டால் எதிரொலி அடுத்த ஸ்வரத்தின் மேலேயே விழுந்து கூழாகிவிடும். நடுத்தர வேகம், இடைவெளி விட்டு விழும் நாலைந்து ஸ்வர ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு), கனமான டிரம்ஸ். இவை மட்டும்தான் தப்பும். ஒரு நிமிடத்துக்கு மேல் நீளும் நடைக்குத் திரும்பத் திரும்பச் சுற்றினாலும் சலிக்கக்கூடாது. ட்ரிப்பிள் எச்சுக்காக ஜான்ஸ்டன் எழுதி மோட்டர்ஹெட் பாடிய ‘த கேம்’ இந்த இலக்கணத்தின் உச்சம். 2001 ஏப்ரல் 1 அன்று ஹூஸ்டனில் மோட்டர்ஹெட் நேரில் வாசித்தபோது பாடகர் லெம்மி வரிகளில் தடுமாறினார். யாருக்கும் உறுத்தவில்லை, ரிஃப் சரியாக விழுந்தது.

இன்றைய நுழைவுப் பாட்டுகள் பலவற்றில் இந்த முதல் இரண்டு நொடிதான் காணவில்லை. பத்துப் பேருக்கு ஒரே டிரம் ஓசை, ஒரே கிதார் சுவர். கண்ணை மூடினால் யார் வருகிறார் என்று சொல்ல முடியாது. அந்த வறட்சியில்தான் லிவிங் கலரின் 1988 ‘விவிட்’ ஆல்பத்திலிருந்து வீரர் சிஎம் பங்க் எடுத்துக்கொண்ட ‘கல்ட் ஆஃப் பர்சனாலிட்டி’ தனித்து நிற்கிறது. 2023 நவம்பர் 25, சிகாகோவை ஒட்டிய ரோஸ்மாண்ட். சர்வைவர் சீரிஸ் நிகழ்ச்சி முடிந்தது என்று எல்லோரும் நினைத்த நேரத்தில் அந்த ரிஃப் விழுந்தது. ஆள் வெளியே வருவதற்கு முன்பே அரங்கம் வெடித்துவிட்டது. பாட்டு முதலில், ஆள் பிறகு. இந்த இடைவெளியில்தான் காசு.

சினிமாவில் இதைச் சரியாகப் பிடித்தது டேரன் அரோனோஃப்ஸ்கியின் ‘த ரெஸ்லர்’ (2008). மிக்கி ரூர்க் நடித்த ராண்டி காதில் கேட்கும் கருவி மாட்டியிருப்பவன். இசை எண்பதுகளின் ஹேர் மெட்டல். அவனுடைய நல்ல காலம் அத்தோடு நின்றுவிட்டது. கடையில் இறைச்சி வெட்டித் தரும் வேலைக்கு முதல் நாள் போகும்போது, கேமரா அவன் முதுகுக்குப் பின்னாலேயே குறுகலான வழியில் போகிறது. மெல்ல மெல்லக் கூட்டத்தின் கூச்சல் ஏறுகிறது. பிளாஸ்டிக் திரையை விலக்கி வெளியே காலெடுத்து வைத்ததும் கூச்சல் சட்டென்று அறுந்துவிடுகிறது. எதிரே கவுண்டர், உருளைக்கிழங்கு சாலட் கேட்கும் வாடிக்கையாளர்கள். மணிக்கட்டு டேப்பில் பிளேடு துண்டை ஒளித்து நெற்றியைக் கீறிக்கொள்ளும் காட்சியைத்தான் எல்லோரும் பேசுவார்கள். படத்தை எடுத்தவருக்கு இந்தத் தொழில் புரிந்திருக்கிறது என்று காட்டுவது, என்னைக் கேட்டால், அந்த அறுந்த கூச்சல். கடைசி ஆட்டத்துக்கு அவன் நுழைவது கன்ஸ் அண்ட் ரோசஸின் ‘ஸ்வீட் சைல்ட் ஓ மைன்’ பாட்டுக்கு.

பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்க்கப்போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. பிலடெல்பியாவின் ஈசிடபிள்யூ என்ற ரெஸ்லிங் நிறுவனம், தொண்ணூறுகளில் பிரபல ராக் பாடல்களை உரிமம் பற்றிக் கவலைப்படாமல் போட்டது. அதில் சாண்ட்மேன் என்றொருவர். கையில் பீர் கேனும் பிரம்புமாகக் கூட்டத்தின் நடுவே நடந்து வருவார். பாட்டு மெட்டாலிகாவின் 1991 ‘என்டர் சாண்ட்மேன்’. அந்தப் பாட்டில் குரல் வருவதற்கே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும். ஒற்றைக் கிதார், பின் டிரம்ஸ், பின் கனத்த ரிஃப் என்று அடுக்கிக்கொண்டே போகும். அந்த ஒரு நிமிடம் முழுக்க ஆளைக் காட்டாமல் கூட்டத்தைத் தேடவைப்பார்கள். குரல் தொடங்கியதும் மொத்த அரங்கமும் சேர்ந்து பாடும். சாண்ட்மேன் நல்ல மல்யுத்த வீரர் என்று அவருடைய ரசிகர்களே சொல்ல மாட்டார்கள், நுழைவுதான் ஆட்டம்.

ஈசிடபிள்யூவின் பதிவுகளை டபிள்யூடபிள்யூஈ வாங்கிய பிறகு, உரிமச் செலவைத் தவிர்க்க, வெளியீடுகளில் அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் பெயர் தெரியாத கிதார் இசையை ஒட்டினார்கள். பாட்டும் கூட்டமும் ஒரே ஒலித்தடத்தில் இருந்ததால், பாட்டை எடுக்கும்போது கூட்டத்தின் குரலும் சேர்ந்து போய்விடும் அல்லது மங்கிவிடும். திரையில் ஆயிரம் வாய்கள் ஒரு பாட்டுக்கு அசையும், காதில் வேறொன்று ஓடும். எனவே சாண்ட்மேனைப் பார்க்க வேண்டுமென்றால் 2005 ஜூன் 12 அன்று நியூயார்க் ஹாமர்ஸ்டைன் பால்ரூமில் நடந்த ‘ஒன் நைட் ஸ்டாண்ட்’ நேரடி ஒளிபரப்பின் பதிவைத் தேடுங்கள். அன்றைக்கு நிஜப் பாட்டே ஒலித்தது.